பாட்டு நிக்கலை

ஜனவரி 17

மருந்துக் கம்பெனிக்காரர்கள் எங்கள் உடற்கூறியல் துறைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. எங்கள் மேசையில் படுத்திருப்பவர்களுக்கு மாத்திரை எழுதித் தர முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே எனக்கு வருஷா வருஷம் டைரி வருவது வேல்ச்சாமி அண்ணாச்சியின் ஹார்டுவேர் கடையிலிருந்துதான். பக்கத்துக்குப் பக்கம் அடியில் கம்பி, சிமெண்ட், பெயிண்ட் என்று அச்சடித்திருக்கும். அதற்கு மேலே கேஸ் சிலிண்டர் வந்த தேதியும் வேலைக்கார அம்மா வராத நாளும் எழுதுவேன். இந்த வருஷம் கொஞ்சம் கூடுதலாக எழுதிப் பார்க்கலாம் என்று நினைப்பு.

இவர் பொங்கல் கபடி முடிந்து இன்று காலையில்தான் வீடு வந்தார். பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். தை பிறந்துவிட்டால் சனி, ஞாயிறெல்லாம் ஊர் ஊராகப் போய்க் கபடிப் போட்டிகளுக்கு மைக் பிடிப்பவர். பெயர் பேச்சிமுத்து. பிள்ளைகள் வாயில் அது ‘பேச்சு சார்’ ஆகிவிட்டது. பெயர் வைத்த மாமியார் தீர்க்கதரிசி.

அந்தப் பேச்சுக்குத் தொண்டை கட்டிவிட்டது. வருஷா வருஷம் நடப்பதுதான். காபி வேண்டும் என்று சைகையில் கேட்டார். சுக்கு, மிளகு தட்டிப் போட்டுப் பனங்கற்கண்டுப் பால் கொடுத்தேன். வீடு நல்ல அமைதியாக இருக்கிறது.

ஜனவரி 28

தொண்டை இன்னும் கட்டித்தான் இருக்கிறது. அதோடு களக்காட்டுப் பக்கம் ஒரு போட்டிக்குப் போய்விட்டு வந்தார். போகாதீர்கள் என்றால் கேட்கிற ஆளா.

நான் ஒரு போட்டிக்கும் போனதில்லை. எனக்கு மைக் சத்தம் ஆகாது. ஆனாலும் இவருடைய வசனம் எனக்குத் தெரியும், பஸ்ஸில் பையன்கள் சொல்லிக் காட்டுவார்கள். கபடி கபடி என்று சொல்லிக்கொண்டு எதிரணிக்குள் போவதை இங்கே ‘பாடிப் போறது’ என்பார்கள். போனவனை நாலு பேர் அமுக்கிவிட்டாலும், வாயில் அந்தப் பாட்டு ஒரே மூச்சில் ஓடிக்கொண்டிருக்கும் வரை அவன் ஆட்டத்தில் இருக்கிறான். இழுத்துப் பறித்து நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால் பிடித்தவர்கள் எல்லோரும் வெளியே. மூச்சு விட்டால் அவன் வெளியே. அந்த நேரத்தில் இவர் மைக்கை வாயோடு ஒட்டிக்கொண்டு, “பாட்டு நிக்கலை… பாட்டு நிக்கலை…” என்று இழுப்பாராம். கூட்டம் எழுந்து நின்றுவிடுமாம்.

சாயங்காலம் கோயம்புத்தூரிலிருந்து மகள் பேசினாள். இவர்தான் எடுத்தார். அவள் “அப்பா இல்லையா, நீங்க யாரு பேசுறீங்க?” என்று கேட்டிருக்கிறாள். இவர் சிரித்துக்கொண்டே போனை என்னிடம் கொடுத்துவிட்டார்.

பிப்ரவரி 6

இவருடைய பெல்ட்டில் புது ஓட்டை போட்டேன். ஆணியைச் சுட வைத்துக் குத்தினால் சுத்தமாக விழுகிறது.

தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. “அவசரமாக் குடிக்காதீங்க அத்தான்” என்றேன்.

பிப்ரவரி 13

முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் குரல்வளை. இந்தப் பாடத்துக்கு நான் வைத்திருக்கும் கதை எங்கள் கல்லூரியில் கொஞ்சம் பிரசித்தம்.

குரல்வளைக்குள் இருக்கும் சின்னச் சின்னத் தசைகள் எல்லாம் ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவை. குரல் நாணைத் திறக்கிறவன், மூடுகிறவன், தளர்த்துகிறவன், எல்லோருக்கும் படியளப்பது ரிக்கரண்ட் என்கிற ஒரே நரம்பு. ஒருத்தன் மட்டும் வெளியே வாசலில் உட்கார்ந்திருப்பான். கிரைக்கோதைராய்டு என்று பெயர். நாணை இழுத்து முறுக்கிச் சுருதியை ஏற்றுவது அவன் வேலை. அவனுக்கு மட்டும் மேலேயிருந்து தனி நரம்பு வருகிறது. “இவன் வீட்டோட மாப்பிள்ளை. குடியிருக்கிறது இந்த வீட்டில், சாப்பாடு வருவது அவன் அம்மா வீட்டிலிருந்து” என்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்ததை மறக்க மாட்டார்கள்.

அடுத்தது ரிக்கரண்ட் வருகிற வழி. அதன் தாய் நரம்பு மூளையிலிருந்து கழுத்து வழியாக, குரல்வளைக்குப் பக்கத்திலேயே இறங்குகிறது. அங்கேயே ஒரு கிளையை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். போகாது. குரல்வளையைத் தாண்டிக் கீழே போய், அங்கிருந்து திருப்பி அனுப்பும். வலதுபக்கத்துக்காரன் கழுத்தடியிலேயே திரும்பிவிடுவான். இடதுபக்கத்துக்காரன் நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து வருகிற பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறி வருவான். பாளையங்கோட்டையிலிருந்து பக்கத்தில் இருக்கிற ஜங்ஷனுக்குப் போக, எங்கேயோ தெற்கே கிடக்கிற நாங்குநேரி வழியாக டிக்கெட் எடுத்தவன்.

ஃபர்ஹானா என்று ஒரு பிள்ளை, கடையநல்லூர்க்காரி, எழுந்து கேட்டாள். “மேம், அப்ப தொண்டையில ஒண்ணுமே இல்லாம, நெஞ்சுல ஏதாவது இருந்தாக்கூடக் குரல் போகுமா?”

“போகும். அதிலும் இடதுபக்கம். மூன்று வாரத்துக்கு மேல் ஒருவருக்குக் குரல் கம்மலாக இருந்தால் சுக்குக் கசாயம் சொல்லாதே, நெஞ்சை எக்ஸ்ரே எடு. பரீட்சையில் கேட்பார்கள், குறித்துக்கொள்” என்றேன். குறித்துக்கொண்டாள்.

வரும்போது முருகன்குறிச்சியில் வாழைக்காய் வாங்கினேன். வாழைக்காய்ப் பொரியல் என்றால் இவருக்கு உயிர். இரண்டு கவளத்தோடு எழுந்துவிட்டார். காரம் கூடிவிட்டது போல.

பிப்ரவரி 14

மாவு அரைத்தேன். கிரைண்டர் கல்லைக் கொத்த வேண்டும்.

பிப்ரவரி 17

இவர் பள்ளிக்கூடத்திலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார். காலைக் கூட்டத்தில் பிள்ளைகளை நேராக நிற்கச் சொல்லிக் குரலை உயர்த்தியிருக்கிறார். அது கீச்சென்று எங்கேயோ மேலே போய் முறிந்திருக்கிறது. பெண் குரல் மாதிரி இருந்ததாம். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள்.

“எப்படிப் போச்சுன்னு காட்டுங்க” என்றேன்.

காட்டினார். முதலில் வெறும் காற்று வந்தது. அழுத்தியதும் கீச்சுக்குரல் வந்தது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். அதே மாதிரி.

வீட்டுக்காரர்கள் எல்லோரும் சுருண்டுவிட்டால், வாசலில் இருக்கும் மாப்பிள்ளை மட்டும் நாணைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பான். அவனால் சுருதியைத்தான் ஏற்ற முடியும். கதவைச் சாத்த முடியாது. இதையும் வகுப்பில் சொல்வதுண்டு. நேரம் இருந்தால்.

“என்னளா அப்படிப் பாக்க?” என்றார்.

“ஒண்ணுமில்ல. ரொம்பக் கத்தாதீங்க” என்றேன்.

பிப்ரவரி 19

இன்று வகுப்பு இல்லாத நேரத்தில், பிள்ளைகள் பிரேதத்தை அறுத்துப் படிக்கிற அறைக்குப் போனேன். பிள்ளைகள் முடித்து வைத்திருந்த மேசை ஒன்றில் ஈரத்துணியை விலக்கி இடதுபக்க நரம்பைப் பார்த்தேன். வளைவுக்கு அடியில் விரலை விட்டுத் தொட்டேன். பூக்கட்டுகிற நூல் கனம்தான். அதற்கும் நுரையீரலின் வேருக்கும் நடுவே இருக்கிற இடத்தில் ஒரு புளியங்கொட்டையை வைத்தால் நரம்புக்குப் போக்கிடம் கிடையாது.

துணியை மூடிவிட்டு வந்தேன். கையில் ஃபார்மலின் வாடை போகவில்லை. எலுமிச்சம்பழத்தோல் போட்டுத் தேய்த்தேன்.

இவரிடம், “நம்ம எபனேசர்கிட்ட ஒரு தடவை தொண்டையைக் காட்டிட்டு வருவமா?” என்று கேட்டேன். எபனேசர் என்னோடு படித்தவன். காது, மூக்கு, தொண்டை.

“சீசன் முடியட்டும்ளா. சித்திரையில காட்டுவோம்.”

சரி என்றேன். ஏன் சரி என்றேன் என்று எனக்கே தெரியவில்லை.

பிப்ரவரி 26

சித்திரைக்குக் காத்திருக்கவில்லை. நேற்று மோர் குடிக்கும்போது புரையேறி, முகம் கறுத்துவிட்டது. இன்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

எபனேசர் முதலில், “அண்ணே, ஈ-ன்னு ஒரே மூச்சில எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் சொல்லுங்க” என்றான்.

இவர் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து ஆரம்பித்தார். ஆரம்பித்ததுமே முடிந்துவிட்டது. சைக்கிள் டியூபில் காற்று இறங்கின மாதிரி எல்லாம் வெளியே போய்விட்டது. ஒருகாலத்தில் எதிரணிக்குள் போய் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு, சாவகாசமாகத் திரும்பி வருகிற வரைக்கும் மூச்சுவிடாத ஆள்.

“பாட்டு அறுந்துட்டு. நான் அவுட்டு” என்றார். எபனேசர் சிரித்தான். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு, திரையை என் பக்கம் திருப்பி வைத்தான். இருபது வருஷமாகச் செத்தவர்களின் குரல்வளையைத்தான் அறுத்துக் காட்டியிருக்கிறேன். உயிரோடு இருக்கிற ஒன்றை, அதுவும் இவருடையதை, இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. இளஞ்சிவப்பாக, ஈரமாக, அழகாக இருந்தது. வலது நாண் நடுவுக்கு வந்து வந்து போனது. இடது நாண் ஓரமாகச் சாய்ந்து அப்படியே கிடந்தது. வலது அதைத் தேடி நடுக்கோடு வரைக்கும் வந்து, எட்டாமல் திரும்பிப் போனது.

எபனேசர் என்னைப் பார்த்தான். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஆவுடை, நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்ல” என்றான்.

“சொல்லு” என்றேன்.

“நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துருவோம்.”

பிப்ரவரி 27

எக்ஸ்ரே எடுத்தது. வேலைக்கார அம்மா வரவில்லை.

மார்ச் 4

சி.டி. படங்களை எபனேசர் அறையிலேயே நின்றுகொண்டு பார்த்தேன். எங்கே பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பெருந்தமனியின் வளைவுக்கு அடியில், இடது நுரையீரலின் வேரில், நான் விரலை விட்டுப் பார்த்த அதே இடத்தில் இருக்கிறது. புளியங்கொட்டையை விடப் பெரியது.

பீடி, சிகரெட் தொடாத மனுஷன். பிள்ளைகள் கையில் பார்த்தால் பிரம்பை எடுப்பவர். யாரிடம் போய் இதைக் கேட்பது.

இவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்து ஆளுக்கு முழங்கால் வலிக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, எழுந்து வந்து, என் கைப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். 

வீட்டுக்கு வந்து நானே சொன்னேன். வகுப்பில் சொல்கிற மாதிரிதான் சொல்ல வந்தது. தாய் நரம்பு, கிளை, வளைவு, கட்டி. இவர் நடுவில் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அப்ப தொண்டையில ஒண்ணும் இல்ல.”

“இல்ல அத்தான்.”

“நீ குடுத்த பனங்கற்கண்டுப் பாலு பூராவும் வேற விலாசத்துக்குப் போயிருக்கு” என்றார்.

மார்ச் 16

திருவனந்தபுரம் போய் வந்தோம். இந்த நோய்க்குப் பெரிய ஆஸ்பத்திரி அங்கேதான் என்பதால் எங்கள் பக்கத்தில் இந்த ஒரு வாக்கியமே போதும். எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள், கேட்காமலே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். எதிர்வீட்டு அம்மாவிடம் பத்மநாபசுவாமி கோயிலுக்குப் போனோம் என்றேன். “நல்லாக் கும்பிட்டீகளா?” என்று மட்டும் கேட்டாள்.

அங்கே சதையைக் கிள்ளியெடுத்துச் சோதித்த முடிவைப் பார்த்துவிட்டுப் பெரிய டாக்டர் பொறுமையாகத்தான் பேசினார். கத்தி எட்டாத இடம். மருந்து ஏற்றிப் பார்க்கலாம். நான் ஒரு டாக்டர் என்று தெரிந்ததும் ஆங்கிலத்துக்கு மாறினார். எந்தத் துறை என்று கேட்டார். சொன்னேன். சட்டென்று மலையாளம் கலந்த தமிழுக்குத் திரும்பிவிட்டார்.

“குரல் வருமா சார்?” என்று இவர் கேட்டார். அவருக்குக் கேட்கவில்லை. நான் திருப்பிச் சொன்னேன். அந்த நரம்பு போனது போனதுதான், குரலை அப்புறம் பார்க்கலாம், முதலில் உயிர் என்றார்.

ரயிலில் இவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு என் காதருகே வந்து சொன்னார். “உயிர முதல்ல பாக்காங்களாம். குரல் இல்லாத உயிர வச்சு நான் மைக் டெஸ்டிங்கா பண்ண?”

நாகர்கோவில் தாண்டி இன்னொன்று சொன்னார். “உங்க துறையில ஒரு மேசை சொல்லி வையி. உன் பிள்ளைகளுக்கு அந்த நரம்பை நேராக் காட்டலாம். நானும் சத்தம் போடாமக் கெடப்பேன்.”

இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தேன். மிளகாய்ப்பொடிக்கு எண்ணெய் ஊற்ற மறந்திருக்கிறேன்.

ஏப்ரல் 2

முதல் தடவை மருந்து ஏற்றி வந்தாயிற்று. மகள் லீவு போட்டுவிட்டு வந்து இருந்துவிட்டு நேற்றுத்தான் போனாள். அவள் இருந்தவரை இரண்டு பேரும் வாட்ஸாப்பில் பேசிக்கொண்டார்கள், ஒரே கட்டிலில் உட்கார்ந்து. அவள் போன பிறகு இவர் போனைத் தொடவில்லை.

கூப்பிட்டால் அடுக்களைக்குக் கேட்பதில்லை. அதனால் பள்ளிக்கூட விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். விசிலுக்குக் குரல் நாண் தேவையில்லை, காற்றுப் போதும். ஒரு தடவை ஊதினால் தண்ணீர். இரண்டு தடவை ஊதினால் சும்மா வந்து உட்கார்.

இரண்டு தடவைதான் அதிகம்.

ஏப்ரல் 15

எபனேசரிடம் போய்ச் சண்டை போட்டேன். அசையாத நாணுக்குள் ஊசி வழியாக ஏதோ ஒரு ஜெல்லைச் செலுத்தி, அதைப் பருக்க வைத்து நடுவுக்குத் தள்ளினால் வலது நாணுக்கு எட்டும், குரல் ஓரளவு வரும். புத்தகத்தில் இருக்கிறது. செய்தால் என்ன என்று கேட்டேன்.

“செய்யலாம் ஆவுடை. இப்ப முடியாது. மருந்து ஏத்துனதுல ரத்த அணுக்கள் தரையில கெடக்கு. குத்துனா ரத்தம் நிக்காது. திருவனந்தபுரத்துலயும் கேட்டுட்டேன். அடுத்த சுற்று முடியட்டும்ங்காங்க.”

“அடுத்த சுற்றுக்குள்ள…” என்றேன்.

அவன் எழுந்து வந்து என் எதிரே உட்கார்ந்தான். “நாங்க படிக்கையில உன் நோட்டைப் பாத்துத்தான் இந்த நரம்பைப் படிச்சோம். நீ எங்களுக்கெல்லாம் மேலே. ஆனா படம் வரையத் தெரிஞ்சா அழிக்கத் தெரியணும்னு இல்லயே.”

அவன் ஆறுதலுக்குத்தான் சொன்னான். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்த நரம்பு எந்தக் குழாய்களுக்கு நடுவே ஏறுகிறது, எந்தத் தமனியோடு பின்னிக்கொண்டு போகிறது, எத்தனை இழையாகப் பிரிகிறது, எல்லாம் எனக்குத் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இவருக்கு ஒரு வாய்த் தண்ணீர் புரையேறாமல் போக நான் செய்ய முடிந்தது, அதில் கொஞ்சம் சத்துமாவு கலந்து கெட்டியாக்கியது மட்டும்தான்.

ஏப்ரல் 23

தலைமுடி போய்விட்டது. “கபடிக்கு நல்லது, எவனும் பிடிக்க முடியாது” என்றார். அதாவது, உதட்டைப் பார்த்து நான் புரிந்துகொண்டது.

மே 3

முதலாண்டு வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஃபர்ஹானாவிடம் குரல்வளைத் தசைகளின் நரம்பு கேட்டார். அவள் கடகடவென்று சொன்னாள். எல்லாவற்றுக்கும் ரிக்கரண்ட், ஒன்றுக்கு மட்டும் மேல் நரம்பின் வெளிக்கிளை. சொல்லிவிட்டு, “எங்க மேம் அவனை வீட்டோட மாப்பிள்ளைன்னு சொல்லித் தந்தாங்க சார்” என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். தேர்வாளரும் சிரித்தார்.

இடதுபக்க நரம்பை நெஞ்சுக்குள் எது அழுத்தும் என்று கேட்டார். வரிசையாகச் சொன்னாள். முதலில் சொன்னதே அதுதான்.

“வெரி குட்” என்றார். என்னிடம் திரும்பி, “நல்லா சொல்லிக் குடுத்திருக்கீங்க மேடம்” என்றார்.

கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மே 12, ஞாயிறு

இதை உட்கார்ந்து ஒழுங்காக எழுத வேண்டும்.

வேல்ச்சாமி அண்ணாச்சி வருஷா வருஷம் நடத்துகிற கபடிப் போட்டி. இன்று சாயங்காலம் இறுதியாட்டம். காலையில் வீட்டுக்கு வந்தார். “டாக்டரம்மா, பேச்சு சார் சும்மா வந்து மேடையில உக்காந்தாப் போதும். ஒரு பொன்னாடை போத்தணும். பயலுவ கேக்கானுவ” என்றார். நான் முடியாது என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் விசில் சத்தம். திரும்பிப் பார்த்தேன். இவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து சட்டை கேட்டார்.

அப்படித்தான் நான் முதல்முறையாகக் கபடி பார்க்கப் போனேன். மேடை மைதானத்தை ஒட்டியே இருந்தது. எட்டிக் கையை நீட்டினால் கோட்டைத் தொடலாம். பொன்னாடை போர்த்தினார்கள். கைதட்டல் நிற்கவில்லை. யாரோ பின்னாலிருந்து, “பேச்சு சார் ரெண்டு வார்த்தை” என்றான். அது அப்படியே கூட்டம் முழுக்கப் பரவிவிட்டது.

இவர் மைக்கை வாங்கினார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன், கேட்கவில்லை. வாயைத் திறந்தார். ஸ்பீக்கரில் காற்றுச் சத்தம் மட்டும் வந்தது. இன்னும் அழுத்தினார். அந்தக் கீச்சுக்குரல் வந்து முறிந்தது. விஷயம் தெரியாத சின்னப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். பெரியவர்கள் அதட்டினார்கள். அதட்டல் அடங்கியதும் மைதானத்தில் ஒரு சத்தமும் இல்லை.

இவர் மைக்கை இறக்கி என் கையில் வைத்தார். என் தோளைப் பிடித்துக் காதோடு வாயை வைத்து, “நான் சொல்லுதேன், நீ சொல்லு” என்றார்.

வகுப்பில் தவிர நான் மைக் பிடித்ததில்லை. ஆட்டம் தொடங்கியது. இவர் காதில் சொல்லச் சொல்ல நான் சொன்னேன்.

“ஏழாம் எண் பனியன் அணிந்த வீரர் இப்போது பாடிச் செல்கிறார்” என்றேன். கூட்டம் சிரித்தது. காதுக்குள் இவரும் காற்றாய்ச் சிரித்தார். “பாடமா நடத்துத? வாயத் தொறந்து சொல்லுளா. ஏழு வாரான், சீறிட்டு வாரான்.”

“ஏழு வாரான், சீறிட்டு வாரான்” என்றேன். கைதட்டினார்கள்.

பிறகு எப்படியோ வந்துவிட்டது. யார் எந்த ஊர்ப் பையன், யார் தொடையைப் பிடிப்பான், யார் கணுக்காலைப் பிடிப்பான் என்று இவர் காதில் சொல்லிக்கொண்டே இருந்தார். மூச்சு வாங்க நிறுத்துவார், நானும் நிறுத்துவேன். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நான் இவ்வளவு நேரம் இவர் சொன்னதைச் சொன்னபடி கேட்டது இதுதான். இவருடைய சூடான மூச்சு என் காதில் பட்டுக்கொண்டிருந்தது. அதில் குரல் இல்லை. ஆனால் சொல் எல்லாம் இருந்தது.

கடைசிப் பாட்டு. இரண்டு அணியும் சமம். அதே ஏழாம் எண் பையன் உள்ளே போனான். ஒருவனைத் தொட்டான். திரும்புகையில் ஒருவன் கணுக்காலைப் பிடித்துவிட்டான். விழுந்தான். மேலே மூன்று பேர் விழுந்தார்கள். அடியிலிருந்து கையை நீட்டிக்கொண்டு நடுக்கோட்டைப் பார்த்து ஊர்ந்தான். கபடி கபடி என்று அவன் வாய் ஓடிக்கொண்டிருந்தது எங்கள் காலடியில் கேட்டது.

“சொல்லு” என்றார் இவர். “பாட்டு நிக்கலை.”

“பாட்டு நிக்கலை” என்றேன். கூட்டம் எழுந்தது.

“பாட்டு நிக்கலை.”

“பாட்டு நிக்கலை… பாட்டு நிக்கலை…”

கோட்டுக்கும் விரலுக்கும் ஒரு சாண் இருந்திருக்கும். பையனின் பாட்டு இழுத்தது, கம்மியது, வெறும் காற்றாக வந்தது. அப்புறம் நின்றது. நான் பக்கத்தில் இருந்தேன், எனக்குத் தெளிவாகக் கேட்டது. நடுவர் விசில் அடித்தார்.

விசில் சத்தம் கேட்டதும் பழக்கத்தில் நான் இவரைத்தான் திரும்பிப் பார்த்தேன். விபூதி பூசின நெற்றி, மொட்டைத் தலை, தோளில் பளபளவென்று பொன்னாடை. இவர் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் காதோடு, “நின்னுட்டுளா. அவுட்டுன்னு சொல்லு” என்றார்.

“பாட்டு நிக்கலை” என்றேன் மைக்கில்.

ஜெயித்த அணி குதித்துக்கொண்டிருந்தது. ஏழாம் எண் பையன் மண்ணில் மல்லாந்து கிடந்து மூச்சு வாங்கினான். வேல்ச்சாமி அண்ணாச்சி என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். அங்கங்கே சிரித்தார்கள். டாக்டரம்மாவுக்கு ஆட்டம் தெரியாது என்று நினைத்திருப்பார்கள்.

“பாட்டு நிக்கலை” என்றேன். “பாட்டு நிக்கலை.”

சிரிப்பும் அடங்கிவிட்டது. எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. இவர் கையை நீட்டி மைக்கின் சுவிட்சை அணைத்தார். ஸ்பீக்கர் செத்தது. அதற்குப் பிறகும் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது இவருக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

இவர் பொன்னாடையின் ஒரு முனையை எடுத்து என் தோளிலும் போட்டார். காதில் வாயை வைத்தார்.

“சரிளா. நிக்கலை” என்றார்.